குதிரைப் பந்தயத்தில் 'சிஸ்டம்' போடுவதும் காசைப் பார்த்துக் கட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூல்ஸ் கடை வாசலிலும் கோப்பிக்கடை மேசையிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் கேள்விகள் முன்னால் உள்ள பதில்களை நம்பி நிற்பதால் மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது.

கிராஞ்சியே மூடியாச்சு, இன்னும் எந்தக் குதிரைக்குக் கட்டுறாங்க?

சிங்கப்பூரின் கிராஞ்சிப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று ஓடியது. அதோடு உள்ளூர் ஓட்டம் நின்றது. பந்தயம் கட்டுவது நிற்கவில்லை. சிங்கப்பூர் பூல்ஸ் வெளிநாட்டுப் பந்தயங்களுக்குக் கடையிலும் கணக்கு வழியாகவும் பணம் வாங்குகிறது. கடையில் கட்ட 18 வயது, இணையக் கணக்குக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். (1933 வரை பந்தயத் திடல் ஃபேரர் பார்க்கில்தான் இருந்தது. லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு அந்தப் பெயர் அப்படி வந்தது.)

கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஹாங்காங்கை வைத்தவை. அங்கே ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டம், ஓட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் எடுத்த நேரம், காலைப் பயிற்சி, மருத்துவக் குறிப்பு எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. சிஸ்டம் போட நினைப்பவருக்கு முதல் தேவை அந்தத் தகவல்தான்.

போர்டுல 6 வெள்ளின்னு பார்த்துக் கட்டினேன், 4.50தான் கொடுத்தாங்க. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. இது டோட் முறை. வின் (முதலில் வரும் குதிரைக்கான) பந்தயத்துக்கு எல்லாரும் கட்டிய பணம் ஒரே குவியலாகச் சேரும். அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஜெயித்த குதிரைக்குக் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஹாங்காங்கில் வின், பிளேஸ் (முதல் சில இடங்களில் ஒன்றில் வந்தாலே போதும்) பந்தயங்களுக்கு இந்தப் பிடித்தம் 17.5%. கணக்கு இப்படிப் போகும்: குவியலில் 1,00,000 வெள்ளி. பிடித்தம் 17,500. மீதி 82,500. ஏழாம் எண் குதிரைக்கு மட்டும் 20,000 விழுந்திருக்கிறது. 82,500-ஐ 20,000-ஆல் வகுத்தால் 4.125, சில்லறையைக் கீழே தள்ளி வெள்ளிக்கு 4.10 என்று அறிவிப்பார்கள். இந்தத் தொகையில் நீங்கள் கட்டிய 1 வெள்ளியும் அடக்கம்.

நீங்கள் போர்டைப் பார்த்தபோது அந்தக் குதிரைக்கு விழுந்திருந்த பணம் குறைவு. குதிரைகள் புறப்படும் கேட் திறக்கும் முன் கடைசி ஓரிரு நிமிடங்களில்தான் பெரிய பணம் இறங்கும். உங்களுக்குக் கிடைப்பது கட்டும் நேரத்து விலையல்ல, குவியல் மூடிய நேரத்து விலை. எந்தக் கணக்குப் போட்டாலும் இதை மனதில் வைத்துப் போடுங்கள்.

சிஸ்டம்னா என்ன? நல்ல டிப்ஸ் வச்சிருக்கிறதுதானே?

முன்கூட்டியே எழுதி வைத்த விதிதான் சிஸ்டம். அதே பந்தயப் புத்தகத்தை இரண்டு பேரிடம் கொடுத்தால், இருவரும் அதே குதிரையில் வந்து நிற்க வேண்டும். எடுத்துக்காட்டாக: ஹாங்காங்கின் ஹாப்பி வேலி திடலில் 1200 மீட்டர், கேட் 1 முதல் 4 வரை, கடைசி இரண்டு ஓட்டத்தில் ஒன்றிலாவது முதல் நான்குக்குள் வந்திருக்க வேண்டும், போன ஓட்டத்தை விட 5 பவுண்டுக்கு மேல் சுமக்கும் எடை கூடியிருக்கக் கூடாது, இந்த நிபந்தனைக்குள் ஒரே ஒரு குதிரை வந்தால் மட்டும் கட்டுவது, இரண்டு வந்தால் விட்டுவிடுவது.

இது ஜெயிக்கும் சிஸ்டம் என்று சொல்லவில்லை. ஆனால் இதைச் சோதிக்க முடியும். ஹாப்பி வேலி குறுகலான, வளைவு மிகுந்த திடல் என்பதால் உள்பக்கக் கேட்டுக்கு அனுகூலம் உண்டு; அதாவது விதிக்குப் பின்னால் ஒரு காரணமும் இருக்கிறது. ஹாங்காங்கின் இன்னொரு திடலான ஷா டின்னின் 1000 மீட்டர் நேர்கோட்டு ஓட்டத்தில் கதை தலைகீழ்: அங்கே பெரிய எண் கேட்டுகளுக்குத்தான் அனுகூலம். 'ஜாக்கியே சொன்னானாம்' என்று வரும் டிப்ஸை இப்படிச் சோதிக்க வழியில்லை.

நல்ல சிஸ்டம் இருந்தா கண்டிப்பா ஜெயிக்கலாமா?

ஜெயிக்கும் குதிரையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். டிவிடெண்ட் (ஜெயித்தால் வெள்ளிக்குக் கிடைக்கும் தொகை) 4.00 உள்ள குதிரைகளுக்கே கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். கையைக் கடிக்காமல் இருக்க நூற்றுக்கு 25 முறை ஜெயிக்க வேண்டும். அந்தக் குதிரைக்குக் கூட்டம், அதாவது பணம் கட்டிய எல்லாரும் சேர்ந்து, கொடுத்திருக்கும் வாய்ப்போ பிடித்தம் போக (82.5-ஐ 4-ஆல் வகுத்தால்) 20.6%தான். அந்த இடைவெளியை உங்கள் விதி தாண்டினால்தான் முதல் வெள்ளி லாபம். ஃபேவரிட் (அதிகப் பணம் விழுந்த) குதிரைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பந்தயத்தில் ஜெயிக்கின்றன. அது எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் டிவிடெண்டும் அதற்கேற்ப ஒல்லியாகிவிடுகிறது. கூட்டத்துக்குத் தெரிந்த விஷயத்துக்குக் காசு கிடையாது.

முடியவே முடியாது என்றும் சொல்ல முடியாது. பில் பென்டர் ஹாங்காங்கில் கணினியில் கணிப்பு மாதிரி ஒன்றை வைத்துப் பெரும் பணம் சம்பாதித்தார். 1994-இல் அந்த முறையை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: தன் மாதிரி தந்த வாய்ப்பை அவர் தனியாக நம்பவில்லை, கூட்டத்தின் விலையையும் அதோடு கலந்தே கணித்தார். அத்தனை தகவல் வைத்திருந்தவரே கூட்டத்தை மதித்தார். அவரைப் போன்றவர்களின் பணமும் இன்று அதே குவியலில் உங்களுக்கு எதிரே கிடக்கிறது என்பது இன்னொரு விஷயம்.

எவ்வளவு காசு ஒதுக்கிக்கிட்டு ஆரம்பிக்கணும்?

முழுதும் போனாலும் வீட்டில் எதுவும் மாறாத தொகை. வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம், அவசரச் சேமிப்பு எல்லாம் போக மிஞ்சுவதிலிருந்து. அதைத் தனியாக வையுங்கள். சம்பளக் கணக்கோடு கலந்தால் எவ்வளவு போனது என்பதே தெரியாது. இப்படிப் பிரித்த தொகையைக் கீழே 'முதல்' என்று சொல்கிறோம்.

பொழுதுபோக்குக்குக் கட்டுபவர் இதைச் செலவாகவே எழுதிக்கொள்ளலாம். ஹாங்காங் பருவத்தில் 88 பந்தய நாட்கள். நாளுக்குப் பத்துப் பந்தயம், பந்தயத்துக்கு 10 வெள்ளி என்றால் பருவம் முழுக்க 8,800 வெள்ளி புரளும். தனித் திறமை எதுவும் இல்லாதவருக்கு 17.5% பிடித்தக் கணக்கில் அதில் 1,540 வெள்ளி போய்ச் சேரும். அந்தச் செலவு சம்மதமா என்று முதலில் பாருங்கள். சம்மதமில்லை என்றால் பந்தயங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்தில் இரண்டுக்கு மட்டும் கட்டினால் செலவும் ஐந்தில் ஒன்றாகிவிடும்.

ஒரு ரேஸுக்கு எவ்வளவு வைக்கணும்?

முதல் தொகையில் 1 முதல் 2% வரை. முதல் தொகை 1,000 வெள்ளி என்றால் 10 முதல் 20 வெள்ளி. கடைசிவரை 20 வெள்ளியே வைப்பது ஒரு வழி. ஒவ்வொரு முறையும் மிஞ்சியிருப்பதில் 2% வைப்பது இன்னொரு வழி. பத்துப் பந்தயம் தொடர்ந்து தோற்றால் முதல் வழியில் 800 மிஞ்சும், இரண்டாம் வழியில் சுமார் 817. பெரிய வித்தியாசம் இல்லை. புதியவர்களுக்கு முதல் வழியே மேல்; கணக்கு எழுதச் சுலபம், சிஸ்டம் வேலை செய்கிறதா என்பதும் தெளிவாகத் தெரியும்.

10% வைப்பவரைப் பாருங்கள். அதே பத்துத் தோல்வியில் அவரிடம் மிஞ்சுவது 349 வெள்ளி. பழைய நிலைக்கு வர அது ஏறக்குறைய மூன்று மடங்காக வேண்டும். 'பத்து தடவை தொடர்ந்து எங்கே தோற்கப் போகிறோம்' என்பார்கள். 30% ஜெயிக்கும் சிஸ்டத்தில் 100 பந்தயம் கட்டினால், எங்காவது ஓரிடத்தில் பத்துத் தோல்வி தொடர்ந்து வருவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல். எட்டுத் தோல்வி என்றால் சுமார் 80%. சிஸ்டம் கெட்டுப்போனதால் வருவதல்ல இது. நல்ல சிஸ்டத்துக்கும் வரும்.

தோத்தா டபுள், தோத்தா டபுள்னு போனா என்னைக்காவது ஒரு நாள் எடுத்துடலாம்ல?

5 வெள்ளியில் ஆரம்பித்து எட்டு முறை தோற்றால் 5, 10, 20, 40, 80, 160, 320, 640 என மொத்தம் 1,275 வெள்ளி போயிருக்கும். அந்த எட்டுத் தோல்வி எவ்வளவு சாதாரணம் என்று இப்போதுதான் பார்த்தோம். ஒன்பதாவது முறை 1,280 வைக்க வேண்டும். அந்தக் குதிரை ஜெயித்து டிவிடெண்ட் 1.80 என்று வந்தால் கைக்கு வருவது 2,304. போட்டது 2,555. ஜெயித்தும் 251 வெள்ளி நட்டம்.

டோட்டில் கடைசி விலை முன்னால் தெரியாது என்பதால் இந்த முறை இங்கே இன்னும் மோசம். ஃபிபனாச்சி வரிசை, தோற்றால் ஒரு யூனிட் கூட்டுவது, ஜெயித்தால் குறைப்பது என்று வேறு பெயர்களில் வருபவையும் இதே குடும்பம்தான். நட்டக் கணக்கை எந்த வரிசையில் அடுக்கினாலும் கூட்டுத்தொகை மாறாது. 17.5% பிடித்தம் ஒவ்வொரு வெள்ளியிலும் போகிறது. பெரிய தொகை வைத்தால் பெரிதாகப் போகும்.

காலையில இருந்து 150 போச்சு. கடைசி ரேஸ்ல மொத்தமா எடுத்துட முடியுமா?

கடைசிக் குதிரைக்கு உங்கள் 150 வெள்ளி பற்றித் தெரியாது. உங்கள் விதிப்படி கட்ட வேண்டிய பந்தயமாக இருந்தால் வழக்கமான தொகையைக் கட்டுங்கள். இல்லையென்றால் வீட்டுக்குப் போங்கள்.

கெல்லி ஃபார்முலான்னு சொல்றாங்களே, அது எப்படி?

1956-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜான் கெல்லி கொடுத்த சூத்திரம். முதல் தொகையில் எத்தனை பங்கு வைப்பது என்று சொல்லும். டிவிடெண்டை உங்கள் வாய்ப்புக் கணிப்பால் பெருக்கி 1-ஐக் கழியுங்கள். அதை, டிவிடெண்டில் 1 கழித்து வருவதால் வகுங்கள். டிவிடெண்ட் 5, உங்கள் கணிப்பு 25% என்றால்: 5 × 0.25 = 1.25, 1 போக 0.25, அதை 4-ஆல் வகுத்தால் 0.0625. அதாவது முதல் தொகையில் 6.25%. விடை பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் கட்டவே கூடாது. பெரும்பாலான பந்தயங்களில் அப்படித்தான் வரும், வர வேண்டும்.

இங்கே வழுக்கி விழுவது எங்கே என்றால், அந்த 25% உங்கள் ஊகம். உண்மை வாய்ப்பு 22% என்று வையுங்கள். அப்போதும் உங்கள் பக்கம்தான் அனுகூலம், ஆனால் சரியான பங்கு 2.5%தான். அதைப்போல் இரண்டரை மடங்கு வைத்துக்கொண்டே போனால் நாளடைவில் முதல் தேயும். அனுகூலம் இருந்தும் தேயும்! அதனால் விவரம் தெரிந்தவர்கள் கெல்லி சொல்வதில் கால் பங்குதான் வைப்பார்கள்: மேலே உள்ள கணக்கில் 1.5% சொச்சம். முந்திய பதிலில் சொன்ன 1 முதல் 2% வரம்பிலேயே வந்து நிற்கிறது பாருங்கள். வாய்ப்பைச் சதவீதத்தில் கணிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இந்தச் சூத்திரம் வேண்டாம்.

ஒரே ரேஸ்ல ரெண்டு குதிரை பிடிச்சிருக்கு. ரெண்டுக்கும் கட்டலாமா?

கட்டலாம், தொகையைச் சமமாகப் பிரிக்காமல். டிவிடெண்ட் 4-உம் 6-உம் என்றால் 50 வெள்ளியை முதல் குதிரைக்கு 30, இரண்டாவதுக்கு 20 என்று பிரியுங்கள். எது ஜெயித்தாலும் 120 வரும். ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் 1-ஐ வகுத்து வரும் விகிதத்தில் பிரிப்பதுதான் கணக்கு: 0.25-க்கு 0.167. கடைசி நேர விலை மாற்றத்தில் இந்தச் சமன் கொஞ்சம் ஆடும், தவிர்க்க முடியாது. இரண்டையும் சேர்த்து ஒரு பந்தயத்துக்கான தொகையாகவே எண்ணுங்கள். 'இரண்டு பந்தயம்' என்று எண்ணி இரட்டிப்பாக வைத்துவிடாதீர்கள்.

வின் நல்லதா, பிளேஸ் நல்லதா?

பிளேஸில் அடிக்கடி கை நனையும், அவ்வளவுதான். பிடித்தம் அதே அளவு. ஹாங்காங்கில் ஏழு குதிரையோ அதற்கு மேலோ அறிவிக்கப்பட்டிருந்தால் முதல் மூன்று இடத்துக்கும், நான்கு முதல் ஆறு என்றால் இரண்டு இடத்துக்கும் பணம். பிடித்தம் போன குவியலை மூன்றாகப் பிரித்து, வந்த ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பங்கு. 60,000 வெள்ளிக் குவியலில் ஒரு பங்கு 16,500. ஃபேவரிட்டுக்கு 15,000 விழுந்திருந்தால் அதன் பிளேஸ் டிவிடெண்ட் 1.10. பத்து வெள்ளிக்கு ஒரு வெள்ளி லாபம். ஒருமுறை தவறினால் பத்து வெற்றி போச்சு. எங்கள் கருத்தில் ஒல்லியான ஃபேவரிட்டுக்குப் பிளேஸ் கட்டுவதைவிடச் சும்மா இருப்பது மேல்.

ஃபோர்காஸ்ட், டியர்ஸ் எல்லாம் பெரிய காசு வருதே, அதை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?

பெரிய காசு வருவதால்தான் தோல்வி வரிசையும் நீளம். ஃபோர்காஸ்டில் முதல் இரண்டு குதிரை எந்த வரிசையிலும். ட்ரையோவில் முதல் மூன்று எந்த வரிசையிலும். டியர்ஸில் முதல் மூன்று சரியான வரிசையில். ஹாங்காங்கில் டியர்ஸுக்குப் பிடித்தம் 25%. வின்னைவிட ஏழரை சதவீதம் கூடுதல் என்பது சின்ன விஷயமில்லை.

கட்டும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள். நான்கு குதிரையைக் கலந்து ஃபோர்காஸ்ட் கட்டினால் 6 சேர்க்கை. ஐந்து குதிரைக்கு ட்ரையோ 10, டியர்ஸ் 60. ஆறு குதிரையை முதல் நான்கு இடத்துக்கு வரிசையோடு கலந்தால் 360. 'ஒரு வெள்ளிதானே' என்று சொல்லி 60 வெள்ளிச் சீட்டோடு வெளியே வருபவர்கள் நிறைய. பேங்கர் வைத்தால் சுருங்கும்: ஐந்து குதிரையில் ஒன்றை முதலிடத்துக்கு நிறுத்தி மற்ற நான்கைப் பின்னால் விட்டால் டியர்ஸ் 12 சேர்க்கைதான். எந்த வகையாக இருந்தாலும் சீட்டின் மொத்தத் தொகை 2% வரம்புக்குள் இருக்க வேண்டும்.

சிஸ்டம் வேலை செய்யுதான்னு எத்தனை ரேஸ்ல தெரியும்?

நினைப்பதைவிட அதிகம். டிவிடெண்ட் சராசரி 4 உள்ள குதிரைகளுக்கு 100 பந்தயம் கட்டினால், அதிர்ஷ்டம் மட்டுமே முடிவை 17% மேலேயோ கீழேயோ இழுத்துவிடும். அதற்கு மேலும் இழுக்கலாம். அதனால் நூறு பந்தயத்தில் 10% லாபம் என்பது எதையும் காட்டாது. ஆயிரம் பந்தயத்தில்தான் அந்த ஆட்டம் 5.5% அளவுக்கு அடங்கும்.

அதுவரை காகிதத்தில் எழுதுங்கள். தேதி, திடல், பந்தய எண், குதிரை, எந்த விதிப்படி எடுத்தது, கட்டும் நேர விலை, கடைசி டிவிடெண்ட், முடிவு, மிஞ்சிய முதல். பந்தயத்துக்கு முன்பே எழுத வேண்டும். முடிந்த பிறகு எழுதினால் 'இதைத்தான் எடுத்திருப்பேன்' என்று கை தானாக ஜெயித்த குதிரையை எழுதும். கட்டும் நேர விலைக்கும் கடைசி விலைக்கும் தனித்தனிப் பத்தி வைத்தால், நீங்கள் எடுக்கும் குதிரையின் விலை வழக்கமாகக் குறைகிறதா கூடுகிறதா என்று தெரியும். குறைகிறது என்றால் பெரிய பணமும் உங்கள் பக்கம் இருக்கிறது. நல்ல அறிகுறி, லாபம் மட்டும் ஒல்லியாகும்.

பழைய ரிசல்ட்ல போட்டுப் பார்த்தா 40% லாபம் வருது. நிஜமா கட்டினா நட்டம். ஏன்?

பெரும்பாலும் விதியை முடிவுக்கு ஏற்றபடி செதுக்கியிருப்பீர்கள். புதன் இரவு, 7-ஆம் கேட், சாம்பல் நிறக் குதிரை என்று நிபந்தனையைக் கூட்டிக்கொண்டே போனால், பழைய முடிவில் லாபம் தரும் ஏதோ ஒரு கலவை கட்டாயம் அகப்படும். அடுத்த வாரக் குதிரைகளுக்கு அது தெரியாது. தகவலை இரண்டாகப் பிரியுங்கள்: முந்திய பருவங்களில் விதியை உருவாக்கி, தொடாமல் வைத்திருந்த பருவத்தில் ஒரே ஒருமுறை சோதியுங்கள். அங்கே தோற்றால் திருத்தித் திரும்பச் சோதிக்கக் கூடாது. திருத்தினால் அதுவும் பழைய தகவலாகிவிடும்.

இன்னொரு காரணம், கடைசி டிவிடெண்டை விதிக்குள் வைத்திருப்பது. 'டிவிடெண்ட் 5-க்கு மேல் இருந்தால் கட்டு' என்ற விதியை, இரண்டாவது பதிலில் சொன்னபடி, கட்டும் நேரத்தில் உறுதியாக நிறைவேற்ற முடியாது. சோதனையில் அது தெரியாது, கடையில்தான் தெரியும்.

டெலிகிராம்ல ஒருத்தர் அஞ்சு வாரமா கரெக்டா சொல்றார். மாசம் 200 வெள்ளி கேட்கிறார். சேரலாமா?

நான்கு குதிரைகளுக்கு ஆட்களைச் சமமாகப் பிரித்து, 1,024 பேருக்கு டிப்ஸ் அனுப்பினால், அவற்றில் ஒன்று ஜெயிக்கும்போது 256 பேருக்கு 'சரியான' டிப்ஸ் போயிருக்கும். அடுத்த வாரம் அந்த 256 பேருக்கு மட்டும் அதே வேலை. பிறகு 64, 16, 4, 1. ஐந்து வாரம் பார்த்து அசந்து நிற்கும் அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம். தோற்ற 1,023 பேரை நீங்கள் பார்ப்பதில்லை.

உண்மையாகவே அனுகூலம் உள்ளவருக்கும் விற்க ஒரு காரணமில்லை: அவர் சொன்ன குதிரைக்கு எல்லாரும் கட்டினால் அதே குவியலில் அவருடைய டிவிடெண்டும் இறங்கும்.

புக்கிகிட்ட கட்டினா டிஸ்கவுண்ட் கிடைக்குது, கடனும் கொடுக்கிறான். பூல்ஸ்ல ஏன் கட்டணும்?

உரிமம் இல்லாதவரிடம் கட்டுவது, 2022-இல் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம். கட்டுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இங்கே உரிமம் இல்லாத வெளிநாட்டு இணையத்தளங்களுக்கும் இது பொருந்தும். வேலை அனுமதியில் இருப்பவர் இதை இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். கடனில் கட்டும்போது 'முதல்' என்ற வரம்பே இல்லாமல் போகிறது. மேலே சொன்ன 2% எதில் 2%? ஜெயித்த பணத்தை அவர் தராவிட்டால் புகார் கொடுக்க இடமும் இல்லை.

ஜெயிச்ச காசுக்கு வரி உண்டா?

பொழுதுபோக்காகக் கட்டும் தனிநபருக்கு இல்லை.

வீட்டுக்காரர் கையை மீறிப் போறார்னு தோணுது. நான் என்ன செய்ய முடியும்?

தொகையைவிட மற்ற அடையாளங்களைப் பாருங்கள்: கட்டியதை மறைப்பது, பந்தயம் இல்லாத நாளில் எரிச்சல், சம்பளம் வந்த வாரமே கடன் கேட்பது, 'ஒரு பெரிய அடி அடித்தால் விட்டுவிடுவேன்' என்ற பேச்சு. சிஸ்டத்தைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. அவருடைய கடனை நீங்கள் அடைக்கவும் வேண்டாம். அடைத்த கடன் அடுத்த பந்தயத்துக்கு முதலாகிவிடும்.

பூல்ஸ் கணக்கில் பணம் போடவும் செலவழிக்கவும் வரம்பு வைக்கும் வசதி உண்டு. அவர் சம்மதித்தால் இருவரும் உட்கார்ந்து குறையுங்கள். கணக்கிலிருந்து தன்னையே விலக்கிக்கொள்ளவும் அவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் இவை கடையில் ரொக்கம் கொடுத்துக் கட்டுவதைத் தடுக்காது. ஆகவே கையில் புழங்கும் ரொக்கத்தைக் குறைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துச் செய்யுங்கள். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. கட்டுபவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, வீட்டில் இருப்பவரும் அழைக்கலாம்.